மிருதங்கம்: மீட்டு ஒரே சீராக இல்லை, சாரலில் சுருதி நிற்கவில்லை. வீட்டிலேயே எதுவரை செய்யலாம்?

குற்றாலச்சாரல் (கேள்வி):

வணக்கம். மகளுக்கு 11 வயது, மிருதங்கம் கற்கிறாள். வாத்தியம் 22 அங்குலக் குச்சி மிருதங்கம், பலாக்கட்டை, தோல் வார் (இழுத்துக் கட்டும் பட்டை) போட்டது. 5 கட்டைச் சுருதிக்குச் சேர்த்து வாங்கினோம். வகுப்பு வாரம் ஒருமுறைதான். வாத்தியார் சேர்த்துக் கொடுத்தால் இரண்டு மூன்று நாள் நிற்கிறது, அதற்குப் பிறகு இறங்கிவிடுகிறது. இப்போது சாரல் காலம் வேறு.

நான்கு விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, வலந்தலையில் (வலக்கைப் பக்கம்) மீட்டில் (ஓரத்துத் தோல் வளையம்) ஓரிடத்தில் அடித்தால் 'நம்' என்ற சொல் சுத்தமாக வருகிறது. மிருதங்கத்தைக் கொஞ்சம் உருட்டி வேறிடத்தில் அடித்தால் ஒலி ஆடுகிறது, அலை அலையாகக் கேட்கிறது. இதை வீட்டில் சரிசெய்ய முடியுமா?

இரண்டு, ஈரத்தில் இறங்கிய சுருதியை ஏற்றத் தலைமுடி உலர்த்தும் கருவியைக் காட்டலாம் என்று ஒருவர் சொன்னார். சரியா?

மூன்று, தொப்பியில் (இடக்கைப் பக்கம்) ஒட்டி வைக்கும் ரவை அரை மணி நேரத்தில் ஓரம் காய்ந்து, கழன்று விழுகிறது.

நான்கு, எந்த வேலையை நாமே செய்யலாம், எதைக் கட்டாயம் மிருதங்கம் செய்யும் வேலைக்காரரிடம் கொண்டுபோக வேண்டும்?

---

தாளக்கட்டு:

சுருதி சேர்ப்பதில் இரண்டு வேலை இருக்கிறது. வலந்தலையைச் சுற்றி வார் நுழையும் பதினாறு கண்ணும் ஒன்றுக்கொன்று சமமாகப் பேச வைப்பது முதல் வேலை. அந்தச் சமமான ஒலியைத் தம்புராவின் ஷட்ஜத்துக்கு (ஆதார 'ஸ') கொண்டுபோவது அடுத்தது. வீட்டில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தம்புராவைப் போட்டுவிட்டு, கைக்கு எட்டுகிற ஓரிடத்தை அது சேரும்வரை தட்டுகிறார்கள். அந்த ஓரிடம் சேர்ந்துவிடும், மற்ற இடமெல்லாம் கலைந்துவிடும். உங்கள் முதல் கேள்வியில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

தேவையானவை: உள்ளங்கைக்குள் அடங்கும் வழவழப்பான கூழாங்கல் ஒன்று, 300 முதல் 400 கிராம் எடை போதும். புல்லு எனப்படும் சிறிய மரத்துண்டு ஒன்று. சாக்பீஸ்.

மிருதங்கத்தை வலந்தலை மேலே பார்க்க நிறுத்துங்கள். கீழே தொப்பி தரையில் படாதபடி துணியைச் சும்மாடாகச் சுருட்டி வையுங்கள். தொப்பியில் ரவை இருக்கக் கூடாது. தோலைச் சுற்றிப் பின்னியிருக்கும் சாட்டையில் வார் நுழையும் இடங்கள்தான் கண்கள். ஒரு கண்ணுக்கு நேராகக் கட்டையில் சாக்பீஸால் 1 என்று குறித்து, வரிசையாக 16 வரை எண் போடுங்கள்.

இப்போது தம்புரா வேண்டாம். மோதிரவிரலைக் கரணையின் (நடுவில் உள்ள கறுப்புப் பூச்சு) ஓரத்தில் லேசாக வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு கண்ணுக்கும் நேராக மீட்டில் 'நம்' அடியுங்கள். எல்லாம் ஒரே பலத்தில் இருக்க வேண்டும். ஓங்கி அடித்தால் தோல் அந்த நொடியில் கூடுதலாக இழுபட்டு ஒலி சற்று ஏறியே தொடங்கும், காது ஏமாறும். பதினாறில் மிகவும் இறங்கியிருக்கும் கண் எது என்று மட்டும் பாருங்கள். அதைக் கண்டுபிடிக்கும் வேலையை மகளிடம் விடுங்கள். கல்லைப் பிடிக்க அவளுக்கு இன்னும் வலு போதாமல் இருக்கலாம், ஆனால் காது இந்த வயதில்தான் பழகும்.

இறங்கிய கண்ணில் சாட்டையின் மேல் புல்லை நிறுத்தி, கல்லால் மேலிருந்து கீழாக இரண்டே தட்டு. கேளுங்கள். போதவில்லை என்றால் இன்னும் இரண்டு. அடுத்து அதற்கு நேர் எதிர்க் கண். 3ஆம் கண்ணில் தட்டினால் அடுத்தது 11. பிறகு மறுபடி எல்லாக் கண்ணையும் கேட்டு, இப்போது இறங்கியிருப்பது எது என்று பார்க்க வேண்டும். ஏறியிருக்கும் கண்ணைத் தொடாதீர்கள், மற்றவை அதன் உயரத்துக்கு வந்து சேரட்டும். ஒன்று மட்டும் மிக அதிகமாக ஏறியிருந்தால், சாட்டையின் அடிப்பக்கம் புல்லை வைத்துக் கீழிருந்து மேலாக ஒரு தட்டு. இறங்கும்.

எல்லாம் சமமான பிறகு தம்புராவைப் போடுங்கள். மொத்தமாக இறங்கியிருந்தால் 1, 9, 5, 13, 3, 11, 7, 15 என்று எதிரெதிராகத் தட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றிலும் தட்டு எண்ணிக்கை ஒன்றாக இருக்கட்டும். பிறகு இரட்டைப்படைக் கண்கள்.

கெடுவது எங்கே என்றால்: கல் நழுவித் தோலில் பட்டால் கிழிசல், கட்டையின் வாயில் பட்டால் மரம் சிதறும். இவை கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் கெடுவது ஒன்று உண்டு. ஒரே கண்ணை நாள்கணக்கில் தட்டிக்கொண்டே இருந்தால் சாட்டை அந்தப் பக்கம் கீழே இறங்கி, மூட்டே (தோலும் சாட்டையும் சேர்ந்த முழுத் தலைப்பகுதி) சாய்ந்துவிடும். கரணை நடுவை விட்டு விலகும். அதன் பிறகு எத்தனை தட்டினாலும் மீட்டு சமப்படாது. கட்டையின் வாய் விளிம்பிலிருந்து சாட்டைவரை உள்ள இடைவெளியை நான்கு இடத்தில் அளவுகோலால் பாருங்கள். 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கல்லைக் கீழே வைத்துவிடுங்கள். அது வார் பிடிப்பவர் (வாரை இழுத்து இறுக்குபவர்) வேலை.

---

இயற்பியல்வாத்தி:

தாளக்கட்டு சொன்ன "நேர் எதிர்க் கண்" என்பதற்குக் காரணம் தெரிந்தால் தேடுகிற வேலை பாதியாகக் குறையும். அதனால் இதை எழுதுகிறேன்.

சாதாரண வட்டத் தோலை அடித்தால் எழும் அதிர்வுகளின் விகிதம் 1, 1.59, 2.14, 2.30, 2.65 என்று போகும். இதில் சுருதி கேட்காது, சத்தம்தான் கேட்கும். மிருதங்கத்தில் நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் கரணை இட்டிருப்பதால் இந்த விகிதங்கள் 1, 2, 3, 4, 5 என்ற முழு எண்களுக்குப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. இதை சி. வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934இல் விரிவான கட்டுரை ஒன்றும் வெளியிட்டார். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்தே ஸ்வரங்களாகத் திரண்டு ஒலிக்கின்றன என்பதை, தோலின் மேல் மணல் தூவி அது எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்துக் காட்டினார். மரபாக வந்த வேலைப்பாட்டின் நுட்பத்துக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

உங்களுக்குப் பயன்படும் பகுதி இனிமேல்தான். 'நம்' அடிக்கும்போது மோதிரவிரல் தொட்டுக்கொண்டிருப்பதால் தோல் முழுதாக ஏறி இறங்குவதில்லை. தோலின் குறுக்கே அசையாத கோடு ஒன்று விழும். அதன் ஒரு பக்கம் மேலே போகும்போது மறுபக்கம் கீழே போகும். ஆகவே ஒரு கண்ணில் கேட்கும் ஒலி அந்தக் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. அதிலிருந்து எதிர்க்கண் வரை உள்ள திசையின் இழுவிசை முழுவதற்கும் உரியது. 1இல் கேட்கும் சுருதியும் 9இல் கேட்கும் சுருதியும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். பதினாறு கண் என்றாலும் கேட்க வேண்டியவை எட்டுத் திசைகளே.

இப்போது அலை எங்கிருந்து வருகிறது? ஒரு திசையில் இழுப்பு கூடுதலாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் குறைவாகவும் இருந்தால், தோலுக்கு இரண்டு சுருதிகள் உண்டாகிவிடும். அந்த இரண்டு திசைகளில் எதில் அடித்தாலும் ஒலி தெளிவாக இருக்கும், ஒன்றில் ஏற்றமாக, இன்னொன்றில் இறக்கமாக. நடுவில், அதாவது இரண்டு கண் தள்ளி அடித்தால் இரண்டு சுருதியும் சேர்ந்து கிளம்பி ஒன்றோடொன்று மோதும். அதுதான் நீங்கள் கேட்கும் அலை.

ஆகவே ஒலி ஆடுகிற இடத்தைத் தட்டிப் பயனில்லை. பலர் தட்டுவது அங்கேதான். ஆடுகிற கண்ணிலிருந்து இரு பக்கமும் இரண்டிரண்டு கண் தள்ளிக் கேளுங்கள். உதாரணமாக 5இல் ஆடினால் 3, 7 இரண்டையும் கேட்க வேண்டும். இரண்டில் எது இறக்கமோ அதையும் அதன் எதிரையும் தட்டுங்கள். 7 இறக்கம் என்றால் 7, 15. அலை மெதுவாகிக்கொண்டே வந்து நின்றுவிடும். வேகமான அலை என்றால் வித்தியாசம் அதிகம். நொடிக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டால் வாசிப்பில் தெரியாது.

---

நாதவல்லி:

ரவைக்கு நான் வருகிறேன்.

வறுக்காத வெள்ளை ரவை, பொடியானது. வறுத்த ரவை வாங்கிவிட்டால் எவ்வளவு பிசைந்தாலும் பிசுபிசுப்பு வராது. 22 அங்குல மிருதங்கத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி தாராளம். வெதுவெதுப்பான தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத் தெளித்துப் பிசறி, மூடி வைத்து 10 நிமிடம் ஊற விடுங்கள். அவசரப்பட்டு ஊறாத ரவையை வைப்பதுதான் கழன்று விழுவதற்கு முதல் காரணம். ஊறாத மணிகள் உள்ளே இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் ஓரம் சீக்கிரம் வெடிக்கும். ஊறியபின் கட்டை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பிசைந்தால், இழுத்தால் அறுபடாமல் நீளும் பதம் வரும். அதுவரை விடக் கூடாது.

இரண்டாவது காரணம் தொப்பித் தோல் காய்ந்திருப்பது. ரவை வைப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே ஈரத்துணியால் தொப்பியின் நடுப்பகுதியைத் துடைத்து, விரலால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து ஊற விடுங்கள். பிறகு எலுமிச்சை அளவு உருண்டையை நடுவில் அழுத்தி, நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுற்றித் தேய்த்துக்கொண்டு போங்கள். அகலம் ஏறக்குறைய 3 அங்குலம். நடு தடிமனாக, ஓரம் தோலோடு தோலாக மெலிந்து முடிய வேண்டும். ஓரம் மேடாக நின்றால் கை பட்டுப் பட்டு அங்கேயே பெயரும். வைத்து முடித்ததும் நனைந்த விரலால் மேலே ஒருமுறை வழித்துவிட்டால் பளபளவென்று மூடிக்கொள்ளும்.

தொப்பி, வலந்தலை ஷட்ஜத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே நிற்க வேண்டும். ஏறியிருந்தால் ரவையைக் கூட்டுங்கள், இறங்கியிருந்தால் கிள்ளி எடுங்கள். ஒரு சிட்டிகைகூடக் காதுக்குத் தெரியும். ரவை அளவு தாண்டினால் 'தொம்' நீளாமல் 'பொத்' என்று விழும், கும்கி (தொப்பியில் கையை அழுத்தி நகர்த்தும்போது எழும் வளைந்த ஒலி) வராது. அப்படி வந்தால் ரவையைக் குறைத்து, தொப்பிச் சாட்டையைத்தான் கவனிக்க வேண்டும்.

வாசித்து முடித்ததும் உடனே எடுத்துவிடுங்கள். ஈரமாக இருக்கும்போது விரலாலேயே சுருண்டு வந்துவிடும். காய்ந்த பிறகு சுரண்டினால் தோலின் மேற்பரப்பு பிசிர் கிளம்பும், அதன் பிறகு எந்த ரவையும் ஒட்டாது. ரவையோடு விட்டுவைத்தால் கரப்பானும் எலியும் வரும். எலி ரவையோடு நிறுத்திக்கொள்ளாது, தோலையும் கடிக்கும்.

கடைசியாக ஒன்று. இரண்டு பக்கத்து மூட்டையும் ஒரே வார்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. தொப்பியைத் தட்டினால் வலந்தலை கொஞ்சம் அசையும். ஆகவே வலந்தலை, பிறகு ரவையும் தொப்பியும், மறுபடி வலந்தலை. இந்த மூன்றாவது சுற்றை விட்டுவிடாதீர்கள்.

---

குற்றாலச்சாரல்:

மூவருக்கும் நன்றி. ஆடுகிற கண்ணையே தட்டிக்கொண்டிருந்தோம். 7, 15 என்று தட்டியதும் அலை நின்றுவிட்டது. ரவையும் நிற்கிறது.

இன்னும் சில சந்தேகம். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியில் 5 கட்டைக்கு ஜி வர வேண்டும், ஆனால் பாதி நேரம் டி என்று காட்டுகிறது. காதுக்குச் சேர்ந்துதான் இருக்கிறது. எதை நம்புவது?

கரணை முழுக்க மெல்லிய வெடிப்புக் கோடுகள் இருக்கின்றன. புதிதாக வாங்கும்போதே கொஞ்சம் இருந்தன. இது கெட்டுப்போன அறிகுறியா? மீட்டுக்கு அடியில் செருகியிருந்த குச்சி ஒன்றும் விழுந்துவிட்டது.

பள்ளிப் போட்டியில் பாடும் பெண்ணுக்கு 4½ கட்டை. இதே மிருதங்கத்தை இறக்கலாமா, வேறு வாங்க வேண்டுமா?

---

இயற்பியல்வாத்தி:

செயலி பொய் சொல்லவில்லை, வேறொன்றைக் கேட்கிறது. மேலே சொன்ன 1, 2, 3 வரிசையில் மூன்றாவது என்பது பஞ்சமம். ஜி ஷட்ஜமானால் அதன் பஞ்சமம் டி. ஓரத்தில் அடிக்க அடிக்க மேல் அதிர்வுகள் கூடுதலாகக் கிளம்பும், செயலி அதைப் பிடித்துக்கொள்கிறது. கரணையின் மேல் 'தின்' அடித்துக் காட்டினால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் போய்விடும். ஆனாலும் செயலியைத் திசை காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, கடைசித் தட்டைத் தம்புராவின் துணையோடு காதால் முடியுங்கள். அலை இருக்கிறதா என்பதை எந்தச் செயலியைவிடவும் காது சீக்கிரம் சொல்லும்.

---

மரமும்தோலும்:

கரணையில் இருக்கும் மெல்லிய வெடிப்பு கெடுதல் இல்லை. அது இல்லாவிட்டால்தான் கெடுதல். சாதமும் கல்மாவும் (கறுப்புக் கல்பொடி) சேர்த்து அரைத்த விழுதை மெல்லிய பூச்சாக இட்டு, ஒவ்வொரு பூச்சையும் கல்லால் தேய்த்துத் தேய்த்து, அடுத்த பூச்சு. தேய்ப்பதிலேயே அந்த வெடிப்புகள் விழும். கரணை ஒரே வில்லையாக இறுகிவிட்டால் தோலோடு சேர்ந்து வளையாது, ஒலி கட்டையாகிவிடும். நுண்ணிய துண்டுகளாக இருப்பதால்தான் தோல் ஆடும்போது அதுவும் ஆடுகிறது.

பயப்பட வேண்டியது வேறு. வெடிப்புக்குள் நகம் நுழையும் அளவு அகலம், துண்டு ஓரம் மேலே தூக்கிக்கொண்டு நிற்பது, மிருதங்கத்தைச் சாய்த்தால் கறுப்புப் பொடி உதிர்வது, 'தின்' அடித்தால் உள்ளே கரகரவென்று கூடவே ஒரு சத்தம். இதில் எது வந்தாலும் கரணை மாற்றும் காலம் வந்துவிட்டது. ஒட்டும் பசை எதையும் அதன் மேல் விடாதீர்கள். பசை வெடிப்பில் இறங்கினால் பழைய கரணையைச் சுரண்டி எடுக்கும்போது தோலும் சேர்ந்து வரும். கரணை மட்டும் போக வேண்டிய இடத்தில் மூட்டையே மாற்ற வேண்டியதாகிவிடும், செலவு பல மடங்கு.

புதுக்கரணை இட்டுக் கொடுத்ததும் சுருதி கொஞ்சம் நிலையில்லாமல்தான் இருக்கும். முதல் சில நாள் மிதமாக வாசித்துப் பழக்குங்கள். அதற்குள் வாத்தியத்தைக் குறை சொல்லி மறுபடி தட்டித் தள்ள வேண்டாம்.

குச்சி விழுந்தது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் அதே கண்ணில் மீட்டு மொக்கையாகிவிடும். குச்சி மிருதங்கத்தில் மேலே இருக்கும் வெட்டுத்தட்டுக்கும் அடியில் இருக்கும் கொட்டுத்தட்டுக்கும் நடுவில் ஈர்க்குப் போன்ற மெல்லிய குச்சிகளைச் செருகியிருப்பார்கள். இரண்டு தோலும் ஒட்டிக்கொள்ளாமல் மயிரிழை இடைவெளி இருந்தால்தான் அந்தக் கணீர் வரும். கப்பி மிருதங்கத்தில் இதே வேலையைக் கல் துகள்கள் செய்கின்றன. விழுந்த குச்சி கிடைத்தால் எடுத்து வையுங்கள். அதே தடிமனில் செருக வேண்டும், தடிமன் கூடினால் அந்த இடம் மட்டும் இரையும். இதை வாத்தியாரிடம் விடுங்கள். துருவிப் பார்க்கும்போது கொட்டுத்தட்டில் கீறல் விழுந்தால் ஆட்டுத்தோல் தாங்காது.

வேலைக்காரரிடம் போக வேண்டியவை: வார் பிடிப்பது, கரணை, மூட்டு மாற்றுவது, சாட்டை சாய்ந்ததை நிமிர்த்துவது, கட்டையில் கீறல். வார் பிடிக்கும் நேரம் வந்ததை எப்படி அறிவது என்றால், சமமாகத் தட்டி ஏற்றிய சுருதி மறுநாளே மொத்தமாக இறங்கும், விரலால் அழுத்தினால் வார் கட்டையோடு போய் ஒட்டும். அந்த நிலையில் தட்டித் தட்டி ஏற்றுவது சாட்டையைத்தான் நாசமாக்கும். குச்சி தவிர மற்றதெல்லாம் உங்கள் வேலை.

ஈரத்துக்கு வருவோம். தலைமுடி உலர்த்தும் கருவி வேண்டவே வேண்டாம். தோலின் மேல்பக்கம் மட்டும் சட்டென்று சுருங்கும், அடிப்பக்கம் ஈரமாகவே இருக்கும், கரணையின் பிடிப்பு விடும். சாரல் காலத்தில் செய்ய வேண்டியது: தரையில் வைக்காமல் மரப்பலகை மேல் வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், தடித்த துணி உறைக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு மூன்று போடுங்கள். வாசிக்கும் முன் உறையை எடுத்து அரை மணி நேரம் அறையிலேயே விடுங்கள். வெயில் இருந்தால் காலை இளவெயிலில் 10 நிமிடம், வலந்தலையை நேராகச் சூரியனுக்குக் காட்டாமல். உச்சிவெயிலும் நிறுத்திய காருக்குள் விட்டுவைப்பதும் கரணைக்கு எமன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மழை நாளில் இறங்கியதை முழுக்கத் தட்டி ஏற்றிவிட்டு, வாசித்து முடித்ததும் அப்படியே வைத்துவிடாதீர்கள். மறுநாள் வெயில் அடித்தால் தோல் இறுகி, ஏற்கெனவே தட்டி ஏற்றியதும் சேர்ந்து இழுக்கும். கிழிவது பெரும்பாலும் இப்படித்தான், கண் ஓரத்திலிருந்து தொடங்கும். முடித்ததும் கீழிருந்து மேலாகச் சுற்றிலும் லேசாகத் தட்டித் தளர்த்தி வையுங்கள்.

---

டொராண்டோலயம்:

எங்கள் ஊர்ப் பக்கம் இதற்கு நேர்மாறு. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் காற்று வறண்டு, தோல் இறுகி, யாரும் தொடாமலேயே சுருதி ஏறிக்கொண்டு போகும். அறையின் ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் மூட்டு தாக்குப்பிடிக்கும். வாருக்குப் பதில் திருகால் இறுக்கும் நட்-போல்ட் மிருதங்கம் இங்கே பரவலாக இருப்பதற்குக் காரணமும் அதுதான், தோல் வார் பிடிக்கத் தெரிந்தவர் பக்கத்தில் கிடையாது.

நட்-போல்ட் வைத்திருப்பவர்களுக்கு: எதிரெதிர் விதி இதற்கும் அப்படியே பொருந்தும். ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள். கையில் பிடித்த ஸ்பேனரின் நீளம் காரணமாக எவ்வளவு இழுக்கிறோம் என்பதே தெரியாது, கல்லில் தட்டும்போது தெரியும். அனுப்பி வைக்கும்போதும் விமானப் பயணத்துக்கு முன்னும் எல்லா நட்டையும் ஒரே அளவு தளர்த்திவிடுங்கள்.

நாதவல்லி சொன்ன ரவைப் பதத்தில் ஒரு சிறு மாற்றம்: வறண்ட அறையில் பிசையும்போது தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும். வாசிப்புக்கு நடுவே தனியாவர்த்தனத்துக்கு (தாள வாத்தியம் தனியாக வாசிக்கும் பகுதி) முன் விரலை நனைத்து ரவையின் மேல் ஒரு தடவை வழித்துவிட்டால் கடைசிவரை தாங்கும்.

---

தாளக்கட்டு:

4½ கட்டை கேள்விக்கு. 5க்குக் கட்டிய மிருதங்கத்தை அரைக் கட்டை இறக்கலாம், ஒன்றும் ஆகாது. நாதம் கொஞ்சம் கனக்கும், கணீர் குறையும். ஒரு போட்டிக்காக வேறு வாங்க வேண்டாம். அதற்கும் கீழே போனால் தோல் தளர்ந்து 'சாப்பு' என்ற அடி பேசாது. மேலே ஏற்றுவதிலும் அரைக் கட்டைதான் எல்லை, 6க்கு ஏற்றினால் ஒலி மெலிவதோடு கண் ஓரம் கிழியத் தொடங்கும். ஆண் குரலுக்கு 1, 1½ கட்டை வாசிக்க வேண்டி வந்தால் அதற்கென்று தக்கு (தாழ்ந்த) சுருதியில் கட்டிய 24 அங்குல மிருதங்கம்தான் வழி. 22இல் அது நடக்காது. இப்போதைக்கு உங்கள் மகள் மடிக்கு 22 அங்குலமே பொருத்தம்.

போட்டிக்கு முந்தின நாளே 4½க்கு இறக்கிவிடுங்கள். அன்று காலையில் இறக்கினால் தோல் நிலைக்கு வராமல் மேடையில் ஊர்ந்துகொண்டே இருக்கும். இறக்கும்போதும் எதிரெதிராக, கீழிருந்து மேலாக, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு தட்டு. பிறகு எட்டுத் திசையையும் கேட்டுச் சமப்படுத்துங்கள். தொப்பியும் கூடவே இறங்க வேண்டும் என்பதால் ரவை வழக்கத்தைவிட ஒரு கிள்ளு கூடுதலாக ஆகும்.

அன்றைக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய், வாசிக்கப்போகும் அறையிலேயே உறையைக் கழற்றி வையுங்கள். குளிரூட்டிய அரங்கு என்றால் சுருதி ஏறும், திறந்த பந்தலில் மழை ஈரம் இருந்தால் இறங்கும். வந்ததும் தட்டத் தொடங்காமல் இருபது நிமிடம் பொறுங்கள். பையில் கல், புல்லு, சிறு டப்பாவில் ரவை, ஒரு குப்பி தண்ணீர், ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று. மகள் கையில் கிரீம், எண்ணெய் எதுவும் வேண்டாம், கரணைக்குள் இறங்கிவிடும். வியர்த்தால் காய்ந்த துணியில் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் வைத்திருக்கும் சுருதிப்பெட்டிக்குச் சேர்த்துவிட்டுப் போய் உட்காராதீர்கள். அந்தப் பெட்டிகளில் நுண்ணிய ஏற்ற இறக்கத்துக்குத் தனித் திருகு உண்டு. பாடும் பெண் 4½ என்று சொல்வது அவள் பெட்டியின் 4½. அவள் பெட்டியைப் போடச் சொல்லி, அதன் ஷட்ஜத்துக்குக் கடைசிச் சுற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.